நீ அங்கதான இருக்க

எங்கள் நாலு பேரில் தூத்துக்குடியை விட்டுப் போகாதவள் நான் ஒருத்திதான். ஒருத்தி கனடாவில் இருக்கிறாள், ஒருத்தி பெங்களூரில், ஒருத்தி துபாயில். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். எங்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டு. அதில் யாராவது என்னைக் குறிப்பிட்டு எழுதினால் எனக்கு முதலில் சந்தோஷம் வரும், மறுநொடியே எரிச்சல் வரும். அந்தச் செய்தி எப்படி முடியும் என்று படிக்காமலே தெரியும். "நீ அங்கதான இருக்க" என்று முடியும்.

கனடாக்காரிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. "நீ அங்கதான இருக்க, ஒரு எட்டு போயி வாங்கிரு" என்றாள். மூன்று தடவை போனேன். முதல் தடவை கிளார்க் லீவு. இரண்டாம் தடவை கிளார்க் இருந்தார், கையெழுத்துப் போட வேண்டியவர் இல்லை. மூன்றாம் தடவை இரண்டு பேரும் இருந்தார்கள், கரண்ட் இல்லை. பிரிண்டர் உயிர் பெறும் வரைக்கும், நான் படித்த பள்ளிக்கூடத்தின் வராந்தாவில், யாரோ ஒரு பிள்ளையின் அம்மாவைப் போல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வாங்கி, ஸ்கேன் எடுத்து, அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அவ்வளவுதான்.

பெங்களூர்க்காரிக்கு மக்ரூன் வேண்டும். அதுவும் அவளுக்கில்லை, அவளுடைய மாமியாருக்கு. கடையில் வரிசையில் நின்று, அன்றைக்குப் போட்டதா என்று கேட்டு, டப்பாவில் அடுக்கச் சொல்லி, கூரியரில் போட்டேன். இரண்டு நாள் கழித்து எழுதினாள்: "பாதி நொறுங்கிப் போச்சுளா. நல்லா பேக் பண்ணச் சொல்லிருக்கலாம்லா?" முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் செய்கிற பண்டம், பெங்களூர் வரைக்கும் லாரியில் குலுங்கிக்கொண்டு போனால் நொறுங்காமல் என்ன செய்யும்? இதை நான் எழுதவில்லை. "சாரிளா" என்று எழுதினேன். அதற்காகப் பிற்பாடு என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஹார்பருக்குப் போகிற ரோட்டில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் எனக்கு வேலை. கன்டெய்னர்களுக்கான காகிதங்களைத் தயாரிப்பது. எந்தக் கப்பலில் எந்தப் பெட்டி, அதற்குள் என்ன, எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்று நாள் முழுக்க டைப் அடிப்பேன். அப்பாவும் அம்மாவும் சாத்தான்குளத்தில் கடையோடு இருக்கிறார்கள். என் படிப்புக்காகத்தான் இங்கே குடியிருந்தார்கள். படிப்பு முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போனார்கள், நான் வேலையோடு தங்கிவிட்டேன். மாடியில் ஒரே ஓர் அறை. ஆபீசில் என்னைத் தவிர எல்லாரும் கல்யாணமானவர்கள். ஆறு மணிக்கு அவரவர் வீட்டுக்குப் பறந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறந்து பேச எனக்கு ஆள் கிடையாது. பால் பாக்கெட் வாங்கும்போது கடை அண்ணாச்சியிடம் "ஒன்னு" என்று சொல்வேன். சில ஞாயிறுகளில் அன்றைய பேச்சு அதோடு சரி.

அதனால்தான் அந்தக் குரூப்பை விட முடியவில்லை. எனக்கு வேறு தோழிகள் அமையவில்லை. கல்லூரியில் கூடப் படித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் இந்த மூன்று பேர் மாதிரி யாரும் ஒட்டவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு நாள், அரைநாள் லீவு விட்டதும் வீட்டில் சொல்லாமல் நாலு பேரும் சைக்கிளில் ஹார்பர் பீச்சுக்குப் போனோம். திரும்பும்போது என் சைக்கிள் டயர் பஞ்சர். உப்பளங்களுக்கு நடுவில் போகிற ரோடு, கடை கண்ணி கிடையாது, மரமும் கிடையாது. நான், "நீங்க போங்கட்டி, நான் உருட்டிக்கிட்டு வாரேன்" என்றேன். மூன்று பேரும் உடனே சைக்கிளை விட்டு இறங்கினார்கள். நல்லா ஓடுகிற மூன்று சைக்கிள்களையும் என்னோடு சேர்ந்து நாலாம் ரயில்வே கேட் வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தார்கள். வழியெல்லாம் துபாய்க்காரி, எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர் மாதிரியே பேசிக் காட்டினாள். உப்பு வெள்ளையில் கண் கூசி, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வீட்டில் எனக்கு விழுந்த அடி கூட ஞாபகமில்லை. அவர்கள் இறங்கியது மட்டும் ஞாபகமிருக்கிறது.

இந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டுதான் நான் மக்ரூன் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் துபாய்க்காரி போன் பண்ணினாள். செய்தி அனுப்பாமல் போன் பண்ணினால் வேலை பெரிது என்று அர்த்தம்.

"ஏளா, அம்மாக்கு கண்ணுல புரை முத்திருச்சாம். ரெண்டு கண்ணும். மொதல்ல ஒரு கண்ணு ஆப்பரேஷன் பண்ணச் சொல்லிட்டாங்க. எனக்கு இப்ப லீவு கெடைக்காதுளா."

"ஒங்க அத்தை பக்கத்துத் தெருவுலதான இருக்காங்க?"

"அவங்களுக்கும் அம்மாக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. ஒரு நாள்தான். காலைல கூட்டிட்டுப் போனா சாயந்தரம் விட்டுருவாங்க. நீ அங்கதான இருக்க..."

சரி என்றேன். மறுநாள் மேனேஜரிடம் லீவு கேட்கப் போனேன்.

"யாருக்கு ஆப்பரேஷன்?" என்றார்.

"ஃப்ரெண்டோட அம்மாவுக்கு சார்."

"ஃப்ரெண்டு எங்க?"

"துபாய்ல."

"அவங்க வீட்ல வேற ஆளு?"

"இல்ல சார். அவளுக்கு அப்பாவும் இல்ல, கூடப் பொறந்தவங்களும் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அப்போ அந்தப் பொண்ணு அங்கன இருக்கு, நீங்க இங்கன ஓடுதீங்க. நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னது சரிதான் என்பதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

துபாய்க்காரியின் அம்மா கடற்கரையை ஒட்டிய தெருவில் தனியாக இருப்பவர். கணவர் கடலில் சங்கு குளிக்கிற தொழில் செய்தவர். மகள் காலேஜில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். பள்ளி நாட்களில் நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன், இப்போதும் அதேதான். அப்போது அவர் கொடுத்துவிடும் சீலா மீன் வறுவலுக்காகவே வெள்ளிக்கிழமை என் வீட்டு விரதத்தை மீறியிருக்கிறேன். ஆனால் அவரோடு ஒரு முழு நாள் இருந்ததில்லை. இருந்திருந்தால் சரி என்று சொல்லியிருக்க மாட்டேன்.

ஆட்டோவில் ஏறியதிலிருந்து ஆரம்பித்தார். ஆட்டோக்காரர் வேகமாகப் போகிறார் என்றார். பிறகு மெதுவாகப் போகிறார் என்றார். ஆஸ்பத்திரியில் ரத்தக் கொதிப்பு பார்க்கும் நர்ஸிடம், "நீ இறுக்கிக் கட்டுனா ஏறத்தான செய்யும்" என்று சண்டை. கண்ணில் மருந்து விட்டு மூடிக்கொண்டு இருக்கச் சொன்னால், திறந்துவிட்டு, "போதுமா?" என்று என்னைக் கேட்பார். நான் ஒரு டாக்டர் போல, "இன்னும் கொஞ்ச நேரம்" என்பேன். அதற்குள் துபாயிலிருந்து ஏழு செய்திகள் வந்துவிட்டன. உள்ளே போயாச்சா, இன்னும் போகலையா, ஏன் போகலை, டாக்டர் எப்படி இருக்கார். கடைசிக் கேள்விக்கு, "நல்லா இருக்கார், சாப்பிட்டாராம்" என்று எழுதினேன். அவளுக்குப் புரியவில்லை.

ஆப்பரேஷன் அரைமணி நேரத்தில் முடிந்தது. ஒரு கண்ணில் கட்டுப் போட்டு வெளியில் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலையில் கட்டைப் பிரிக்க வரவேண்டும். மூடாத கண்ணிலும் புரை இருப்பதால் அவருக்கு அன்றைக்கு ஆள் நிழல்தான் தெரிந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் படுக்க வைத்து, ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தேன். ரசத்தில் புளி தூக்கல் என்றார். நேரம் நாலு மணி. ஆறு மணி வரைக்கும் இருந்துவிட்டுப் போகலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏ புள்ள, சும்மாதான இருக்க. என் போன எடு" என்றார். "எம்மவ அனுப்புன படமெல்லாம் இருக்கும். ஒவ்வொன்னா பாத்து என்ன இருக்குன்னு சொல்லு. ஆறு மாசமா எனக்கு எல்லாம் பொகையாத்தான் தெரியுது."

எடுத்தேன். மகளும் மருமகனும் ஒரு கடையில் நிற்கிற படம். சமைத்த பிரியாணி. புது சோபா. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சோபா என்ன கலர், துணியா லெதரா, மருமகனுக்கு முடி கொட்டியிருக்கிறதா என்று அவர் குறுக்கே குறுக்கே கேட்டார்.

"கிறிஸ்மஸுக்கு முன்னால ஒரு படம் வந்துச்சு. மூணு பேரு நிக்கிற மாதிரி இருந்துச்சு. அதச் சொல்லு."

மேலே தள்ளித் தேடினேன். கிடைத்தது.

பெரிய கட்டடம் ஒன்றின் முன்னால் மூன்று பேர். நடுவில் துபாய்க்காரி. இடது பக்கம் கனடாக்காரி, முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். வலது பக்கம் பெங்களூர்க்காரி. மூன்று பேரும் ஒரே மாதிரி மஞ்சள் டிஷர்ட் போட்டிருந்தார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்கள்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிஷர்ட்டில் எங்கள் பெஞ்சுக்கு நாங்களே வைத்திருந்த பட்டப்பெயர் அச்சடித்திருந்தது.

"என்ன புள்ள, சத்தத்தக் காணோம்?"

"ஒங்க மக நடுவுல நிக்கா ஆன்ட்டி."

"பக்கத்துல யாரு?"

சொன்னேன்.

"அப்போ எல்லாரும் சேந்திருக்கீங்க. நீ எங்க நிக்க?"

"நான் இல்ல."

அவர் கட்டுப் போட்ட கண்ணுக்குக் கீழே கன்னத்தைச் சொறிந்துகொண்டு, "அப்போ நீதான் படம் எடுத்திருப்ப" என்றார்.

"ம்" என்றேன்.

"எம்மவ மெலிஞ்சிருக்காளா?"

"இல்ல ஆன்ட்டி. நல்லா குண்டா இருக்கா."

இது பொய். அவள் மெலிந்துதான் இருந்தாள். அந்த நேரத்தில் என்னால் முடிந்த பழிவாங்கல் அதுதான்.

என் அறைக்கு வந்ததும் எங்கள் குரூப்பில் டிசம்பர் மாதத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த நாலைந்து நாட்களும் குரூப் வெறிச்சோடிக் கிடந்தது. நான் மட்டும் ஒரு நாள், "என்னட்டி எல்லாரும் உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். கனடாக்காரி, "பிஸிளா, அப்புறம் பேசுதேன்" என்று எழுதியிருக்கிறாள். அந்தப் படம் வந்த தேதியும் இந்தச் செய்தியின் தேதியும் ஒன்று. மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் கேள்வியைப் படித்திருப்பார்கள். யார் பதில் எழுதுவது என்று பேசியிருப்பார்கள். அதை நினைக்க நினைக்க எனக்குக் காது சூடாகிவிட்டது.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் துபாய்க்காரி போன் பண்ணினாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் மருந்துச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மாக்கு நல்லா தெரியுதாம்ளா! தேங்க்ஸ்ளா, நீ மட்டும் இல்லன்னா..."

"டிசம்பர்ல மூணு பேரும் துபாய்ல இருந்தீங்களா?"

 "அது பிளான் பண்ணி இல்லளா. கனடாக்காரி ஆபீஸ் வேலையா இங்க வந்தா. பெங்களூர்க்காரியும் புருஷனோட சுத்திப் பாக்க வந்திருந்தா. அப்படியே அமைஞ்சுபோச்சு" என்றாள்.

"சட்டையும் அப்படியே அமைஞ்சுபோச்சோ? மூணு பேரும் தனித்தனியா கடைக்குப் போயி, நம்ம பட்டப்பேர் போட்ட மஞ்சச் சட்டையா எடுத்துட்டு வந்தீங்களோ?"

"ஒங்கிட்ட சொன்னா வருத்தப்படுவன்னுதான்..."

"சொல்லலன்னா சிரிப்பனா?"

"நீ எப்படியும் வர முடியாது. ஒனக்கு லீவு கெடைக்காது, வீட்ல விடமாட்டாங்க..."

"கூப்பிட்டீங்களா? ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா, நான் முடியாதுன்னு சொல்லிருப்பேன்ளா. அதச் சொல்லக்கூட என்ன விடலியே."

இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. மருந்துக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அவமானமாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "மூணு பேருக்கும் தனியா குரூப் இருக்கா?" என்றேன்.

"ரெண்டு வருஷமா இருக்கு" என்றாள். "விசா, வீட்டு வாடகை, மாமியார் பிரச்சனை, இப்படி ஏதாவது பேசுவோம். ஒனக்கு போரடிக்கும்னு..."

நான் போனை வைத்துவிட்டேன். அங்கேயே நின்று எங்கள் குரூப்பிலிருந்து வெளியேறினேன். வெளியேறிய பிறகும் கையில் மருந்துச் சீட்டு இருந்தது. மூன்று விதச் சொட்டு மருந்து, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அஞ்சு நிமிஷ இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு வேளை. கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உள்ளே பெஞ்சில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆன்ட்டி, இது மூக்கை அழுத்துகிறது, வேறு கொடுங்கள் என்று நர்ஸிடம் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார். அவர் என்ன பாவம் செய்தார்? மருந்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பத்து நாள் காலையும் மாலையும் போய் மருந்து ஊற்றினேன். நடு வேளைகளுக்கு எதிர் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கனடாக்காரி ஏழு நிமிஷ நீளத்தில் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். முதல் நிமிஷம் அழுகை, மூன்றாவது நிமிஷம் குக்கர் விசில், ஐந்தாவது நிமிஷத்தில் அவள் கணவனோடு ஏதோ பேச்சு. அதற்குமேல் நான் கேட்கவில்லை. பெங்களூர்க்காரி, "சின்ன விஷயத்தப் பெருசாக்காத" என்று ஒரே வரி எழுதினாள். இரண்டு பேருக்கும் நான் பதில் போடவில்லை.

ஒரு நாள் காலை ஆன்ட்டி கேட்டார். "எம்மவ நேத்து போன்ல அழுதா. ஒங்களுக்குள்ள என்ன சண்டை?"

"ஒன்னுமில்ல."

"சண்டைன்னா போடுங்க, எனக்கென்ன. மருந்தக் கண்ணுல ஊத்து. கன்னத்துல ஊத்துத."

 கன்னத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினேன்.

அதன்பிறகு மூன்று மாதம் யாரோடும் பேச்சு இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. போனில் சத்தம் வந்தாலே அவர்களாக இருக்குமோ என்று எடுத்துப் பார்ப்பேன். பேங்க் விளம்பரமாக இருக்கும். இவ்வளவு நடந்த பிறகும் ஏன் எடுத்துப் பார்க்கிறேன் என்று என்னையே திட்டிக்கொள்வேன். அடுத்த சத்தத்துக்கும் கை போகும்.

மே மாதம் ஆன்ட்டிக்கு இரண்டாவது கண் ஆப்பரேஷன். இந்தத் தடவை துபாய்க்காரி தானே வந்துவிட்டாள். வந்தது எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். லாரிகள் கிளப்பிய புழுதியில் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னளா வெயிலு இது, மனுசன் இருப்பானா?" என்றாள். ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கிறோம், முதல் வார்த்தை இது. துபாயில் குடியிருக்கிறவள் தூத்துக்குடி வெயிலைக் குறை சொல்கிறாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பக்கத்துப் பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தோம். இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு அவள் சாப்பிடாமல் இருந்தாள். அம்மாவுக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றாள். ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்ததில் தலை வெடித்துவிட்டது என்றாள். "எப்படிளா நீ பத்து நாளு சமாளிச்ச? நான் மூணாவது நாளே அம்மாட்ட கத்திட்டேன்."

"எனக்கும் கத்தணும்னுதான் இருந்துச்சு."

"கத்திருக்கலாம்லா."

"ஒங்கம்மாட்ட நான் எப்படிக் கத்த முடியும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான்ளா" என்றாள். "காரணம் எதுவும் சொல்லல. கூப்பிடாம விட்டது தப்பு. அவளுக வந்து எறங்குனதும், ஒனக்கு வீடியோ கால் போடலாம்னுதான் மொதல்ல பேசுனோம். அப்புறம், இப்பப் போட்டா எப்ப வந்தீங்க, ஏன் சொல்லலன்னு கேப்பான்னு பயந்துட்டு விட்டுட்டோம். ஒரு நாளு சொல்லல, அப்புறம் சொல்ல முடியாமலே ஆயிருச்சு."

 நான் சால்னாவை ஊற்றிக்கொண்டேன்.

"இன்னொன்னு சொன்னா சிரிப்ப. அந்த மூணு பேரு குரூப்பும் இப்ப செத்துப்போச்சு. டிரிப் போன எடத்துலயே அவளுக ரெண்டு பேருக்கும் சண்டை. யாரு எந்த ரூம்ல படுக்கன்னு. ஏர்போர்ட்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் போனாளுக."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க முயன்றேன், முடியவில்லை, சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் விடாமல் இருந்த நாலு பேர் நாங்கள். இப்போது நாலு பேரும் தனித்தனி. இதில் நான் சிரிக்க என்ன இருக்கிறது என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தோம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். ஊரில் இருந்தபோது லாரிகளுக்கு நடுவில் சைக்கிளில் புகுந்து போனவள், இப்போது பயப்படுகிறாள். அடுத்த வாரம் அம்மாவுக்கு ஒரு செக்கப் இருக்கிறது என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "இல்ல, எதிர் வீட்டுப் பொண்ணக் கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

"கேளு" என்றேன். சொல்லிவிட்டு மனசு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் மாற்றிச் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து, நான் வேலையில் இருக்கும்போது போன் வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து அவள்தான். ஃப்ளைட் தாமதமாம். என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒன்னும் வேண்டாம்ளா, சும்மாதான்" என்றாள். முன்னால் உட்கார்ந்திருக்கிறவரின் குறட்டையைப் பற்றிப் பேசினாள். அவள் ஆபீசில் இருக்கிற ஒரு மலையாளத்துக்காரியைப் பற்றிப் பேசினாள். அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறபோது டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். கணவனுக்கு எப்போதும் இரவு ஷிப்டாம். நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே டைப் அடித்தேன். வை என்று சொல்ல எனக்கு மனசில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, ஃப்ளைட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவளே வைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மேனேஜர் ஒரு காகிதத்தை என் மேஜையில் போட்டார். கன்டெய்னர் நம்பரில் இரண்டு எண்களை நான் இடம் மாற்றி அடித்திருந்தேன். முழுவதையும் திரும்ப அடித்துக் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் கடைசியாக ஆபீஸை விட்டுக் கிளம்பினேன்.